நாலு உருளை

துக்கத்துக்காக ஜன்னல் கண்ணாடியில் பூசியிருந்த சாம்பலைச் சுண்டுவிரலால் ஒரு காசளவு துடைத்துவிட்டு, மாகுமேடே ஒற்றைக் கண்ணை வைத்து வெளியே பார்த்தாள். துக்க வீட்டில் அப்படிச் செய்யக் கூடாதுதான். புருஷனைப் பறிகொடுத்தவள் தரையில் விரித்த மெத்தையை விட்டு எழக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது, ஆண்கள் கண்ணில் படக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை புருஷன் பெக்கி போனதிலிருந்து அத்தனைக்கும் அடங்கித்தான் கிடந்தாள். ஆனால் முற்றத்தில் ஜாக்கி ஏறும் சத்தம் கேட்டதும் அவளால் பொறுக்க முடியவில்லை.

பெக்கியின் வண்டிக்கு ஜாக்கி போட்டுக்கொண்டிருந்தான் பிஸ்டன். பெக்கியின் உயிர்ச் சிநேகிதன் அவன். பெற்றவளுக்கே அவன் நிஜப் பேர் மறந்து வருஷமாகிவிட்டது. தன் சொந்த வண்டியிலிருந்து கழற்றிய நாலு குரோம் சக்கரங்களைப் பக்கத்தில் அடுக்கியிருந்தான். முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம், அப்படியொரு பளபளப்பு.

"என் கூட்டாளி சும்மா போகக் கூடாதுய்யா," என்று கூடாரத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "இன்னைக்குச் சாயங்காலம் பெட்டி வர்றப்ப இந்த வண்டிதான் முன்னாடி வரணும். நாளைக்குக் கல்லறை வாசல்ல நாலு சுத்து சுத்தணும். டயர் புகையில கட்லெஹோங் ஊரே இருமணும்!"

பிஸ்டன் நல்லவன், பாசக்காரன். ஆனால் அந்தக் குரோம் சக்கரத்தைப் பார்த்தால் பெக்கி பெட்டிக்குள்ளேயே குப்புறப் படுத்துக்கொள்வான்.

வண்டி ஒரு குஷேஷே, பழைய ஜெர்மன் கார் ஒன்றுக்கு அந்த ஊர் வைத்த செல்லப் பேர். பெட்டி மாதிரி உடம்பு, நாலு கதவு, ஆறு சிலிண்டர், மிதித்தால் பறக்கும். அந்தப் பக்கத்தில் ஆணாய்ப் பிறந்தவனுக்கெல்லாம் ஒரு வயதில் அதன்மேல் பைத்தியம் பிடிக்கும். பெக்கிக்குப் பிடித்தது தெளியவே இல்லை. பகலெல்லாம் பள்ளிக்கூடப் பேருந்தை ஆமை போல ஓட்டிவிட்டு வருவான். வந்ததும் களித் தட்டுக்குப் பக்கத்தில், வண்டிக்கு அடியில் குலுக்கல் தாங்குகிற ரெண்டு புஷ்ஷை வைத்துக்கொண்டு கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்ப்பான்.

"இது ரப்பர், ஒரிஜினல், கொஞ்சம் அமுங்கும். இது புதுசா வர்ற சாமான், கெட்டி. கெட்டியாப் போட்டா வளைவுல வண்டி நூல் புடிச்ச மாதிரி நிக்கும். ஆனா ரோட்டுல இருக்குற அத்தனை குழியும் உன் இடுப்புக்கு வந்துரும். நீ சொல்லு, எதைப் போட?"

"என் இடுப்புக்கு எது நல்லதோ அதைப் போடுங்க."

ரப்பரே போட்டான். வண்டியைத் தாழ்த்து என்றான் பிஸ்டன், ஸ்பிரிங்கை வெட்டு என்றான், வட்டமடிக்க வசதியாகப் பின் அச்சை வெல்டிங் வைத்து இறுக்கு என்றான். பெக்கி மசியவில்லை. பிரேக்கை மட்டும் பெரிதாக்கினான். ஓடத் தெரிந்தவனுக்கு நிற்கவும் தெரிய வேண்டும் என்பான். மற்றதெல்லாம் வண்டி பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே. "ஒரே ஒரு பஸ் பயணத்துல என்னைப் பாத்து, இறங்குறதுக்குள்ள இவதான்னு முடிவு பண்ணின மனுஷன், ஒரு கதவு ரப்பருக்கு ஆறு மாசம் யோசிக்கிறாரு" என்று அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

கடைசியில் பாக்கி நின்றது சக்கரம். கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய, அந்தக் காலத்து அலுமினியச் சக்கரம். நகல்கள் எத்தனையோ வந்தன. விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பான், சத்தம் சரியில்லை என்று திருப்பி அனுப்புவான். பழைய வண்டிகளை உடைக்கிற இடமெல்லாம் அலைந்து, அசல் ரிம்மை ஒவ்வொன்றாகப் பிடித்து, கம்பளியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தான். நாலும் சேரும்வரை எவனிடமும் மூச்சு விடாதே என்றான். கண் பட்டுவிடுமாம்.

இதில் மாகுமேடேக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவள் மாமனார் பேர் ஸொந்தோ. அவர்கள் பாஷையில் சக்கரத்துக்கும் அதுதான் சொல். மருமகள் மாமனார் பேரை வாயால் சொல்லக் கூடாது, அந்தப் பேர் ஒளிந்திருக்கிற சொல்லையும் சொல்லக் கூடாது. சக்கரப் பைத்தியத்தைக் கட்டிக்கொண்டு, சக்கரம் என்று சொல்ல வாயில்லாமல் காலம் தள்ளியவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கல்யாணமான புதிதிலேயே 'உருளை' என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சமாளித்தாள். பெக்கிக்கு அதில் ஒரே கொண்டாட்டம். "நாலு உருளை வாங்கணும்டி. பொரிக்கவா, அவிக்கவா?" என்று வாரத்துக்கு ஒரு தரமாவது கேட்பான்.

ஆஸ்பத்திரியில் வாய் ஒரு பக்கம் இழுத்துக் கிடந்தபோதும் அவளைக் குனியச் சொல்லி அதைத்தான் சொன்னான். "நாலாவது கெடச்சிருச்சு, கட்டிலுக்கு அடியில வெச்சுட்டேன். பிஸ்டன்கிட்டச் சொல்லி உருளைய மாட்டச் சொல்லு." அவளோடு பேசும்போது கடைசிவரைக்கும் அவன் வாயில் அவளுடைய சொல்தான் வந்தது. மறுநாள் போய்விட்டான்.

திங்கட்கிழமை பெண்கள் வந்து அறையை ஒழித்தார்கள். கட்டில் போயிற்று, அலமாரி போயிற்று, கம்பளி மூட்டை நாலும் பின்கொட்டகைக்குப் போயிற்று. அவள் நாத்தனார் தண்டேக்காவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"அக்கா, பிஸ்டன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். வண்டிக்கு..."

"மூச்! தம்பி இன்னும் வீடு வந்து சேரல, உனக்கு வண்டிப் பேச்சா? ஊரு சிரிக்கும். ஜெபம் பண்ணு."

தண்டேக்கா கெட்டவள் இல்லை. அழுகையை அடக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி யாரையாவது அதட்டுவது. அந்த வாரம் முழுக்க அதட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

இப்போது வெள்ளிக்கிழமை மதியம். குரோம் சக்கரம் ஏறப்போகிறது. நாத்தனார் காலைப் பிடித்தாவது சொல்லிவிடலாம் என்று திரும்பப் போனவள், கூடாரத்துக்கு அந்தப் பக்கம் கண்ணில் பட்டதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

சமையலுக்குத் தலைமை அடுத்த தெரு சோஃபி. காலையில் மாடு வெட்டியாகிவிட்டது, நாலு அண்டாவில் கறி ஏற வேண்டும். பழைய ரிம்மைப் படுக்கப் போட்டு, உள்ளே விறகைத் திணித்து, மேலே அண்டாவை ஏற்றினால் அடுப்பு. எந்த வீட்டுச் சாவுக்கும் அங்கே அப்படித்தான். சோஃபி கொட்டகைக்குள் போய்க் கம்பளி மூட்டையைப் பிரித்திருக்கிறாள். உள்ளே பாலிஷ் இல்லாமல் பழுப்பேறிய நாலு ரிம். ஆண்டவனே கொடுத்த மாதிரி இருந்திருக்கும். நாலையும் வரிசையாகப் போட்டு, அண்டாக்களை ஏற்றி, ஒன்றுக்கு நெருப்பும் வைத்தாயிற்று. அடுத்ததற்கு ஒருத்தி மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மாகுமேடே ஜன்னலை விரற்கடை திறந்தாள். "சோஃபி! அந்த உருளைய எடு! சீக்கிரம், உருளைய எடு!"

சோஃபி காதில் கை வைத்துக் கேட்டாள். முகம் இளகிப் போயிற்று. ஒரு பை உருளைக்கிழங்கைத் தூக்கிக்கொண்டு ஜன்னலடிக்கு ஓடிவந்தாள். "இந்தா தாயி, உருளை. அவிச்சுத் தரவா? ஞாயித்துக்கெழமையிலேருந்து பல்லுல பச்சைத் தண்ணி படலையாமே உனக்கு."

"ஐயோ, இதில்ல! அண்டாவுல இருக்கே, அந்த உருளை!"

"அண்டாவுலயா? சாவு வீட்டுக் கறில உருளை போடுவாங்களா? வெறும் உப்புலதான் வேகும். இது என்ன கல்யாணமா?"

சோஃபியின் தோளுக்குப் பின்னால் தீக்குச்சி உரசியது தெரிந்தது. அவன் வருஷக்கணக்காகத் தேடியதெல்லாம் மாட்டுக்கறிக்கு அடியில் உருகப்போகிறது, அவன் பெட்டியில் வந்துகொண்டிருக்கிறான். மாகுமேடே எதையும் யோசிக்கவில்லை. ஜன்னலை அகலத் திறந்து, மூச்சு உள்ள மட்டும் கத்தினாள்.

"ஸொந்தோ! ஐயோ, ஸொந்தோ! ஸொந்தோ!"

பாட்டுப் பழகிக்கொண்டிருந்த சர்ச் பெண்கள் பாதி வரியில் நிறுத்தினார்கள். தீக்குச்சி வைத்திருந்தவள் விரலைச் சுட்டுக்கொண்டு உதறினாள். தண்டேக்கா உள்ளே பாய்ந்து வந்தாள்.

"அடியே! எங்கப்பா பேரையா சொன்ன? பெட்டி வீட்டுக்கு வர்ற நாள்லயா? முன்னோருங்க கேட்டுட்டாங்க! ஆடு வெட்டாம இந்தக் குத்தம் தீராதுடி!"

கூடாரத்து மூலையில், பிளாஸ்டிக் நாற்காலியில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கிழவர் ஸொந்தோ உட்கார்ந்திருந்தார். பெற்ற மகன் தனக்கு முன்னால் போன சேதி வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. காதும் மந்தம். கை கொடுத்தவர்களுக்குக் கை கொடுத்தார், அவ்வளவுதான். இப்போது எழுந்தார். ஜனம் வழிவிட்டது. மாமனார் நெருங்கக் கூடாத அறை என்று தெரிந்தும் நேரே ஜன்னலடிக்கு வந்து நின்றார். மாகுமேடே கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

"கூப்பிட்டியாம்மா?"

கிழவர் காதை ஜன்னல் பக்கம் சாய்த்தார்.

"யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது காதுல விழுந்துச்சு. எங்கம்மா கூப்பிடுற மாதிரி இருந்துச்சு. அவ போனதுக்கப்புறம் என்னை யாரு கூப்பிடுறா? வந்துட்டேன். என்ன வேணும், சொல்லு."

"மன்னிச்சிருங்கப்பா," என்றாள் கம்பளிக்குள்ளிருந்து. "அடுப்புல இருக்குறது உங்க மகனோடது. வண்டிக்குன்னு சேத்து வெச்சாரு. மாட்டச் சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாரு."

கிழவர் திரும்பிப் பார்த்தார். சோஃபி பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அடுப்பை நோக்கி ஓடினாள்.

"தண்ணி ஊத்தாத!" என்று அதட்டினார் கிழவர். உலோகம் உருக்கி வார்க்கிற பட்டறையில் காலமெல்லாம் உழைத்த குரல், அது இன்னும் அவருக்குள் இருக்கிறது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. "சூட்டுல ஊத்தினா வெடிச்சிரும்! விறகை இழுங்க, அண்டாவை இறக்குங்க. அதைத் தொடாதீங்க, தானா ஆறட்டும்."

"அப்பா, ஆடு..." என்றாள் தண்டேக்கா.

"பேர் எனக்கு எதுக்கு வெச்சாங்க? கூப்பிடத்தானே? கூப்பிட்டா, வந்தேன். உனக்குக் கறி தின்ன ஆசையா இருந்தா உன் பேர்ல ஒண்ணு வெட்டிக்க."

கூடாரத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. தண்டேக்காவும் சிரிப்பதற்காகத்தான் வாயைத் திறந்தாள், அழுகை வந்துவிட்டது. மெத்தையில் மாகுமேடேவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கம்பளியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

வெளியே பிஸ்டன் மண்டியிட்டு, நெருப்புப் படாத ஒரு ரிம்மை விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்தான். "அடப்பாவி, நாலையும் புடிச்சிட்டியாடா," என்றான். "என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலியே." யாரும் சொல்லாமலே தன் குரோம் சக்கரங்களைத் தூக்கிக் கொண்டுபோய் ஓரத்தில் போட்டான். வண்டியில் இருந்த சாதா இரும்பு ரிம்களிலிருந்து டயரைக் கழற்றி, மூலைக் கடையில் இந்த நாலுக்கும் மாட்டிக்கொண்டு வந்தார்கள். இரும்பு ரிம்கள் சோஃபிக்குப் போயின. "இதை மொதல்லயே குடுத்திருக்கலாம்ல?" என்று அவள் எல்லோர்மேலும் எரிந்து விழுந்துவிட்டு விறகைத் திணித்தாள்.

வெயில் தணிந்தபோது குஷேஷே வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. கிழவர் மறுபடியும் ஜன்னலடிக்கு வந்தார்.

"மாகுமேடே."

"அப்பா."

"மூணு நல்லா இருக்கு. பின்னாடி இடப் பக்கம் இருக்குறதுல கரி ஏறிக் கெடக்கு. தொடைச்சாங்க, போகல. நேரமாச்சு, அப்படியே போவோம்கிறான் பிஸ்டன்."

"போகட்டும்ப்பா. யாருக்கும் தெரியாது."

கிழவர் எட்டி வண்டியைப் பார்த்தார்.

"அவன் ஒத்துக்க மாட்டானேம்மா," என்றார்.

திரும்பி நடந்து வண்டிக்குப் பின்னால் போனார். கோட்டும் சூட்டுமாக இருந்தவர், ஒரு கையை வண்டியில் ஊன்றி மெதுவாக மண்ணில் உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து, எச்சில் தொட்டு, கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் விரலை விட்டுத் துடைக்க ஆரம்பித்தார். தெருமுனையில் பெக்கியின் பெட்டியை ஏற்றிய வண்டி திரும்பியது. பெண்கள் பாட்டை எடுத்தார்கள். பிஸ்டன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்திருங்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. பெட்டி வண்டிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு முனையிலேயே நின்றார்.