மூன்றாம் ஓலை

1937 ஜூலை 17, சனிக்கிழமை காலை, தக்கலையில் சபை மூப்பர் இஸ்ரவேல் மாரடைப்பால் இறந்தார்.

மகள் நேசம்மாள் அவருடைய தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். சித்தப்பா செல்வதாஸ் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏட்டி, நாளைக்கு ஓலை வாசிக்கதை நிறுத்தணும்."

கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு சபையில் வாசித்து, மறுப்புண்டா என்று கேட்பது முறை. நேசம்மாளுக்கும் டைட்டஸுக்கும் இரண்டு முடிந்திருந்தது.

"அடக்கம் இண்ணைக்கே முடிஞ்சிருமே, சித்தப்பா. வாசிக்கட்டும்."

"கொட்டகையில படம் ஓட்டுகவனுக்கு மூப்பர் மகளா? அண்ணனுக்கு மனசை மாத்தக் கைவிஷம் குடுத்துட்டான். நான் சபையில எழும்பிச் சொல்லுவேன்."

"சொல்லுங்க. மூப்பர் சினிமா பாக்கப் போனாருன்னும் சேத்துச் சொல்லுங்க."

செல்வதாஸ் முற்றத்துக்கு இறங்கிப் போனார்.

போன மாதம், டைட்டஸ் எப்படிப்பட்டவன் என்று பார்க்க அப்பா, சினிமா சபைக்கு ஆகாது என்பதால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கொட்டகைக்குப் போனார். ஓடியது இந்திப் படம். ஒரு சொல்லும் புரியவில்லை. வந்து கதை மட்டும் விடாமல் சொன்னார்.

"விரும்பித்தான் கெட்டுகா. பொறவு சண்டை. சோத்துல உப்பில்லன்னு தட்டை எறியான். எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். கடைசில அம்மை வீட்டுக்கு ரயில் ஏறுகா. வந்திருவா. யோக்கியமான படம்."

நாலாம் நாள் சம்மதக் கையெழுத்துப் போட்டார்.

மதியம் சவப்பெட்டியோடு வந்த டைட்டஸ் அடுக்களை வாசலில் தயங்கினான்.

"நேசம், மாமா தப்பா நெனச்சிட்டாரு. அந்தப் படத்துல அவ திரும்பி வரல்ல. புருசனை விட்டுட்டுத்தான் போறா. எனக்குச் சொல்லத் தைரியமில்ல. ஏமாத்தி வாங்கின சம்மதம் மாதிரி நெஞ்சு குத்துது."

"எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"நீ தந்த படத்துக்க பாட்டுப் புஸ்தகத்துல தமிழ்லயும் கதை போட்டிருக்கே. அப்பாட்ட அண்ணைக்கே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"மூணு நாள் பேசல்ல. பொறவு, 'தட்டை எறிஞ்சவன்ட்ட அவ எதுக்கு இருக்கணும்'னாரு. நீ எறிவியான்னு கேட்டாரு. மாட்டான்னேன்."

முற்றத்தில் பெட்டி தூக்க ஆள் கூப்பிட்டார்கள். டைட்டஸ் போனான்.

ஞாயிறு காலை போதகர் மூன்றாம் ஓலையை வாசித்தார். மறுப்புண்டா என்று இருமுறை கேட்டார். செல்வதாஸ் தொண்டையைச் செருமினார். எழும்பவில்லை.

ஜூலை 28, புதன்கிழமை கல்யாணம் நடந்தது. மேளம் வைக்கவில்லை.