ஐம்பத்தைந்து டிகிரி

1979இல் என் கணவர் சென்னியப்பன் எங்கள் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்றில் கெமிஸ்டாக இருந்தார். கரும்பு அரவை நின்றுபோகும் நாட்களில், தொட்டியில் தேங்கிய சூடான சாற்றில் சர்க்கரை குறைந்துகொண்டே வந்தது. சூட்டில் வாழும் கிருமிதான் தின்கிறது என்றார் இவர். இவர் தப்பாக அளக்கிறார் என்றார் மேலாளர். ஒருநாள் காலையில் கெடு வைத்துவிட்டார்: அன்று மாலைக்குள் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை.

ஆலைக்குள் சோதனை செய்ய விடவில்லை. உடனே இரண்டு பாட்டில் சாற்றோடு வீட்டுக்கு வந்தார். இரண்டு அடுப்பிலும் சட்டியில் தண்ணீர் வைத்து, சட்டிக்கொரு பாட்டிலும் தெர்மாமீட்டரும் இறக்கினார்.

“இது எண்பத்தஞ்சுல இருக்கட்டும், அந்தச் சூட்டுல கிருமி செத்துப்போயிரும். அது அம்பத்தஞ்சைத் தாண்டக்கூடாது, வசந்தா. கிருமிக்கு அதுதான் தோது.”

“கை வெச்சா வெந்துபோயிருமுங்களே, அதுலயா?”

“நமக்குத்தான் சூடு. அதுக்கு வாய் கெடையாது. தோல் வழியாவே சர்க்கரையை உள்ள இழுத்துக்கும்.”

“வாயில்லாமயே இத்தன திங்குதுங்களா? உங்க மேனேசருக்கு வாய் மட்டுந்தானுங்க இருக்குது.”

அவர் சிரிக்கவில்லை. வாசல்வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்து பாதரசத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போனார்.

விறகை இழுப்பதும் தள்ளுவதுமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் ஐம்பத்தைந்தில் இருந்த பாட்டிலில் நுரை கட்டியது. லேசாகப் புளித்த வாடை. எருமப்பட்டியில் எங்கள் அப்பா வெல்லம் காய்ச்சுகிறவர். சாறு புளிக்கத் தொடங்கினால் அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை, எரிப்பைக் கூட்டிவிடுவோம். என் வீட்டுக்காரருடைய சாறு கெட்டுப்போகிறதே என்ற பதற்றத்தில் கை தானாக விறகைத் தள்ளியது. பாதரசம் எண்பதைத் தாண்டிய பிறகுதான் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. பச்சைத் தண்ணீர் ஊற்றி மறுபடி ஐம்பத்தைந்துக்கு இறக்கினேன். அதன்பின் எவ்வளவு நேரம் பார்த்திருந்தும் நுரை வரவில்லை.

மூன்று மணிக்கு வந்தார்.

“ஒரே சூட்டுல இருந்துச்சா?”

“ஆமாங்க.”

பாட்டில்களைத் துணியில் சுற்றிச் சைக்கிளில் ஆலைக்குக் கொண்டுபோனார். அங்கே அளந்தபோது இரண்டிலும் சர்க்கரை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்ததாம். பிழை தன்னுடையது என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

“நாந்தான் தப்பா நெனச்சுட்டேன்,” என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றாமலே படுத்துக்கொண்டார்.

பிறகு எட்டு வருடம் எடப்பாடியில் ஒரு தறிக்கூடத்தில் மேற்பார்வை பார்த்தார். போன ஆடியில் இறந்தார். ஆலையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். ஒரு தடவைகூட நான் அவரைப் பிடித்து உட்காரவைத்து உண்மையைச் சொல்லவில்லை.

அவர் நினைத்தது தப்பில்லை. அன்று நுரை வந்தது. நான் பார்த்தேன்.