கதவுக்கு ஒரு முகம்

"ஷெட்டுக் கதவை மாத்துங்க. எங்கம்மாவால இனிமே அதைத் தூக்க முடியாது."

கேட்டேவிட்டேன். எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் அந்த வீட்டில் வாய் திறந்து கேட்காதே என்று அம்மா என் மோவாயைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள். சத்தியம் செய்த நாளில் அவளுடைய வலது தோள் இந்த அளவுக்கு வீங்கியிருக்கவில்லை.

எண்ணெய் மில் பரந்தாமன் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே நாற்காலியில் மெட்ராஸ் கதவுக் கம்பெனி ஆள் சேஷகிரி. தரையெல்லாம் கதவுப் படங்கள். புதிதாக வாங்கிய கார் பழையதைவிட அகலம் என்பதால் ஷெட்டுக்கு வேறு கதவு போடலாமா என்று காலையிலிருந்து பேச்சு நடந்துகொண்டிருந்தது. படங்களின் கீழே இருந்த இங்கிலீஷைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கம்பெனிக்காரன் சொல்வது சரிதானா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு பி.ஏ. இருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று.

வீட்டில் என்றா சொன்னேன்? தப்பு. ஷெட்டில். அதன் பக்கச் சுவரில் சாய்த்து இறக்கிய தகரக் கூரைதான் எங்கள் அறை. அந்த அறைக்கும் இரண்டு வேளைச் சோற்றுக்கும் அம்மா செய்கிற வேலை ஒன்றே ஒன்று. ஆரன் அடித்தால் ஓடிப்போய்க் கதவைத் திறக்க வேண்டும். திறந்துவிட்டுத் தெருவில் காருக்கு எதிரே மஞ்சள் பூசிய முகத்தோடு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு நிற்க வேண்டும். பரந்தாமன் அவள் முகத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் டிரைவரை வண்டியை எடுக்கச் சொல்வார்.

முன்பு ஒருநாள் சமையல்காரியின் தங்கை கதவைத் திறந்தாளாம். புருஷன் இல்லாதவள். அன்றைக்குச் சித்தூர் கோர்ட்டில் மில் வழக்கு தோற்றுப்போனது. வக்கீல் வாய்தாவுக்கே வரவில்லை என்பது ஊருக்கெல்லாம் தெரியும். ஆனாலும் பழி அந்தப் பெண்மேல்தான் விழுந்தது. அதற்குப் பிறகு கதவைத் திறக்கிறவள் சுமங்கலியாக இருக்க வேண்டும் என்று பரந்தாமனின் மனைவி ஞானாம்பாள் தீர்த்துச் சொல்லிவிட்டாள். அம்மா சுமங்கலி. அப்பா நகரியில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்பதில் யாருக்கும் குறையில்லை. உயிரோடு இருக்கிறார் அல்லவா, அது போதும்.

கதவு இரண்டும் வேங்கைப் பலகை. கீல் தொங்கிப்போய்த் தரையில் இழுக்கும். தோளைக் கொடுத்துத் தூக்கினால்தான் நகரும். லீவுக்கு வந்திருந்தபோது ஒருமுறை ஆரன் சத்தம் கேட்டு நானே போய்த் திறந்தேன். அம்மா பின்னால் ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டு, கதவை மறுபடி சாத்தி, மறுபடி தானே தூக்கித் திறந்தாள். கார் அதுவரைக்கும் உறுமிக்கொண்டு நின்றது. பயத்தில் அப்படிச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சேஷகிரி படங்களை ஒவ்வொன்றாக நகர்த்த, பரந்தாமன் கழித்துக்கொண்டே வந்தார். மடக்குக் கம்பிக் கதவு வேண்டாம், வெளியே இருந்து கார் தெரியும், கண் படும். புது மரக்கதவா, அதுவும் நாளைக்குத் தொங்கும். கையால் தூக்கினால் மேலே சுருண்டுகொள்ளும் உருட்டுக் கதவா, விலை அதிகம். கடைசியில் ஒரு படம். அமெரிக்காவில் ஒருவன் தொப்பியோடு காரில் உட்கார்ந்திருக்கிறான். கதவு தானாக மேலே போகிறது.

"இது இன்னாம்மா ரஞ்சிதம்?" என்றார் பரந்தாமன்.

"காருக்குள்ள ஒரு பொத்தான் இருக்குதுங்க. அமுக்கினா கரண்டுல கதவு தானா தொறந்துக்கும். ஆளே வேணாம்."

அவர் ஊஞ்சல் குலுங்கச் சிரித்தார். "அடேங்கப்பா! நம்ம ஊர்ல கரண்டு எப்ப வரும் எப்ப போவும்னு மலை மேல இருக்கிறவனுக்கே தெரியாது. நமக்கு எதுக்கு அது? நானும்தான் ஆரன் பொத்தானை அமுக்கறேன், எங்கூட்டுக் கதவும்தான் தொறக்குது. இன்னா கன்னியம்மா?"

வாசற்படி ஓரம் நின்றிருந்த அம்மாவும் சிரித்தாள். வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் நான் கேட்டது.

சேஷகிரி படங்களை அடுக்க ஆரம்பித்தார்.

"உங்கம்மா சொல்லச் சொன்னாளா?" என்றார் பரந்தாமன்.

"ஐயோ, இல்லீங்க!" அம்மா படியேறி வந்துவிட்டாள். "இவ ஏதோ படிச்ச திமிர்ல பேசிகினு இருக்குது. எனக்கு ஒண்ணுமில்ல. வாயுப் புடிப்பு. ரெண்டு நாள் எண்ணெ தடவினா போயிடும்."

"தலை வாரிக்கக் கை தூக்க முடியலை, வாயுப் புடிப்பா? தோளை அவர்கிட்ட காட்டு."

"வாயை மூடுடி!"

ஞானாம்பாள் உள்ளேயிருந்து வந்தாள். "கதவை மாத்தறது கெடக்கட்டும். எதிர்ல யாரு நிக்கிறது? காரு கெளம்பறப்ப ஒரு முகம் வேணாமா? உருட்டுக் கதவுக்கு இன்னா, பொட்டா வெப்பீங்க?"

"வேணும்னா குங்குமக் கலர்ல பெயிண்ட் அடிச்சுத் தரலாங்க" என்றார் சேஷகிரி. விளையாட்டுக்குச் சொன்னாரா, வியாபாரத்துக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை.

பரந்தாமன் ஊஞ்சலைக் காலூன்றி நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். சந்தையில் மாடு பார்க்கிற பார்வை அல்ல. அதைவிட மோசம், அன்பான பார்வை.

"பொண்ணு சொல்றதும் நாயந்தான். கன்னியம்மாவுக்குக் கை போச்சு. ஐயரே, அந்த உருட்டுக் கதவையே போடுங்க. அதை யாரு வேணா தூக்கலாம் இல்ல?"

"ஒரு கை போதுங்க. உள்ள ஸ்பிரிங் இருக்கு. குழந்தைகூடத் தூக்கும்."

"அப்ப சரி. ரஞ்சிதம் தூக்கட்டும்."

எனக்கு முதலில் புரியவில்லை. ஞானாம்பாளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் முகம் மலர்ந்தது.

"ஆங், அது நல்ல யோசனை! கன்னிப் பொண்ணு எதிர்ல வந்தா ரொம்ப விசேஷமாச்சே. அதுவும் படிச்ச பொண்ணு. சரஸ்வதியே எதிர்ல வந்த மாரி."

"கலெக்டர் வந்தாக்கூட சொல்லலாம்" என்றார் அவர். "எங்கூட்டு ஷெட்டுக் கதவைத் தொறக்கிறது பி.ஏ.ன்னு. எந்த மில்லுக்காரன் ஊட்ல இருக்குது? நீயும் பாஸ் பண்ணிட்டு சும்மாத்தானே குந்திகினு இருக்கிற? ஆந்திராவோட சேந்துட்ட இந்த ஊரு ஆபீஸ்ல தெலுங்கு எழுதத் தெரிஞ்சாத்தான் வேலைங்கிறான். ஒரு கல்யாணம் ஆவற வரைக்கும் நில்லு. அப்புறம் சுமங்கலியா நில்லு. ரூமு உங்களுக்குத்தான். உங்கம்மா பாட்டுக்கு உள்ள படுத்துகினு இருக்கட்டும்."

நாற்காலியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. ஆனால் நான் அம்மாவைப் பார்த்தேன். இந்த ஒரு தடவையாவது அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன்.

வந்தது. என்மேல்.

"சந்தோசமாடி?" என்றாள். "என் எடத்தைப் புடிக்கத்தான் மெட்ராஸ்ல போய்ப் படிச்சுகினு வந்தியா?"

"அம்மா, நான் எப்ப அப்படி..."

அவள் என்னைத் தள்ளிக்கொண்டு ஊஞ்சலுக்கு எதிரே போய் நின்றாள். "ஐயா, நானே தொறக்கறேன். இன்னொரு தோளு இருக்குது. அந்தப் பக்கம் குடுத்துத் தூக்கறேன். கதவை மாத்தாதீங்க. இத்தினி வருசம் என் மூஞ்சியப் பாத்துட்டுத்தானே போனீங்க? ஒரு நாளு ஒரு கெடுதல் வந்துதா? சொல்லுங்க, வந்துதா?"

"வர்லதான்" என்றார் பரந்தாமன்.

"அப்புறம் எதுக்கு வேற மூஞ்சி?"

அறைக்காகத்தான் அவள் இந்தக் கதவைத் தூக்குகிறாள் என்று நான் காலேஜில் தோழிகளிடம் சொல்லி அழுதிருக்கிறேன். என் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது. கட்டினவன் திரும்பிப் பார்க்காத ஒரு முகத்தை, ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் தினமும் காத்திருந்து பார்த்துக் கும்பிடுகிறார். அவள் வந்து நிற்காமல் அந்தக் கார் நகராது. அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதற்கு ஒரு தோளைக் கொடுத்துவிட்டாள், இன்னொன்றையும் கொடுக்கத் தயாராக நிற்கிறாள். அதைக் கௌரவம் என்று இவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் ஊஞ்சலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறான். எனக்கு இரண்டு பேர்மேலும் ஒரே அளவு ஆத்திரம் வந்தது. அம்மாமேல் கொஞ்சம் அதிகமாகவே வந்தது, அதையும் மறைக்கவில்லை.

"அரக்கோணம் பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேலைக்குக் கூப்புட்டிருக்காங்கம்மா" என்றேன். "உன் கை தேறட்டும்னுதான் பதில் சொல்லாம இருந்தேன். ரெண்டு பேரும் போயிடலாம். அங்க எந்தக் கதவையும் நீ தூக்க வேணாம்."

"அங்க நான் யாருடி?" என்றாள். "புருசன் வுட்டுட்டுப் போன பொம்பளை. உன் பின்னாடி வந்து ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிகினு குந்தணுமா? நீ போ. நான் வர்ல."

"இன்னா கன்னியம்மா, முடிவா?" என்றார் பரந்தாமன். அவருக்கு வேடிக்கையாக இருந்தது. "ஐயரே, பழைய கதவையே கொஞ்சம் அகலப்படுத்தி, கீலை மட்டும் மாத்திக்கலாமா?"

"செலவு கம்மியா முடிஞ்சுடும் சார்" என்றார் சேஷகிரி, வருத்தத்தோடு.

"கீலு மாத்தினா போதுங்க" என்றாள் அம்மா. "நான் பாத்துக்கறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெற்றிக் குங்குமம் கலைந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். இடது கையால்.

நான் அறைக்குப் போய் என் டிரங்குப் பெட்டியை எடுத்தேன். அதில் நான்கு புடவையும் புத்தகங்களும் இருந்தன, மூடினால் முடிந்தது. திரும்பி வந்தபோது ஞானாம்பாள் வாசலில் நின்றாள்.

"எங்கடி கெளம்பிட்ட? கதவுக்கு நிக்கச் சொல்லிப் பெரியவங்க கேட்டதுக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் போ."

"அரக்கோணத்துக்குங்க" என்றேன். "பதில் அதுதான்."

"சாப்புட்டுட்டுப் போடி" என்று ஷெட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவள் வெளியே வரவில்லை. சேஷகிரி கீலுக்கு அளவெடுக்க ஷெட்டுக்குள் போயிருந்தார், அவருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெட்டியை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தேன்.