யாரும் பேசாத நாற்பது விநாடி

மாத்திரை டப்பாவுக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் இருக்கும். நீங்கள் அதைப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். பொடி எழுத்தில் பக்க விளைவுகளும் எச்சரிக்கைகளும் அச்சடித்த அந்தத் தாளை ஒழுங்காக முழுசும் படிக்கிற ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு புள்ளியைக்கூடச் சொந்தமாகச் சேர்த்ததில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் நான் செய்த காரியத்தைக் கேட்டுவிட்டு, இவள் பிறந்ததிலிருந்தே பொய்க்காரி என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது.

அச்சகத்தில் எங்கள் அறையில் ஐந்து பேர். ஐந்து பேரும் காதில் எதையாவது செருகிக்கொண்டு தலையைக் குனிந்திருப்போம். வீட்டிலும் பேச ஆளில்லை. அம்மா போய் எட்டு வருஷமாகிறது. தங்கை மாதம் ஒருமுறை போன் செய்து பிள்ளைகளின் மார்க்கை ஒப்பித்துவிட்டு, "நீ நல்லாத்தானே இருக்க" என்று பதிலையும் அவளே சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். சனி ஞாயிறு இரண்டு நாளும் வாய் திறக்காமலே கழிந்து, திங்கட்கிழமை பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது குரல் கரகரக்கும்.

மேல்மாடிக்கு டிரைவர் குடிவந்தது இந்த வருஷம் தொடக்கத்தில். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். சர்க்கரை இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டுவிட்டது. வந்த வாரத்திலிருந்தே தினமும் நான் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு மேலேயிருந்து ஒரே அலறல். ஒரு பெண் வீறிடுவாள், கதவு கிறீச்சிடும், புரியாத பாஷையில் ஒருவன் கெஞ்சுவான். நாலாவது நாள் எனக்கு எரிச்சல் மண்டைக்கேறியது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று படியேறினேன்.

கதவைத் திறந்தவர் நான் வாயெடுப்பதற்குள், "யாரா இருந்தாலும் சரி, இப்ப கத்துனது பேயா மனுஷியா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

டிவியில் ஜப்பான்காரர்கள் கையால் வரைந்த பேய்ப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மகள் அந்த ஊரில், அந்தப் படம் எடுத்த கம்பெனியில், படம் வரைகிறவள். ரிமோட்டில் ஒரே பட்டனை அழுத்தினால் படம் ஓடும்படி செய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பேச்செல்லாம் ஜப்பானிய மொழி. அடியில் தமிழில் எழுத்து ஓடும். எழுத்தைப் பார்க்க முடியாத மனுஷன் புரியாத பாஷையை நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், மகள் வரைந்த படம் என்பதற்காக. நான் சண்டையை மறந்துவிட்டேன். நின்றபடியே அடியில் ஓடிய எழுத்தைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். பத்து நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. செத்துப்போன அப்பா அம்மாவின் வீட்டைக் காலி செய்ய ஒருவன் வருகிறான். தினமும் சாயங்காலம் வாசலில் ஒரு பெண் வந்து நிற்கிறாள். உயிரோடு இருப்பவள் இல்லை. உள்ளே இருப்பவர்கள் கூப்பிட்டால்தான் அவளால் வர முடியும். கூப்பிட்டுவிடாதே என்று ஊரே அவனை எச்சரிக்கிறது.

கடைசியில் கதவுக்கு வெளியே அவள், உள்ளே அவன். அடியில் எழுத்து வரவில்லை. முக்கால் நிமிஷம் போல யாரும் பேசவில்லை. மழைச் சத்தம் மட்டும். டிரைவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"என்ன ஆச்சு? படிங்க."

படிக்க ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. என் வாயிலிருந்து ஒரு வார்த்தையை எதிர்பார்த்து ஒருவர் அப்படிக் காத்திருந்து எத்தனை வருஷமாயிற்று என்று தெரியவில்லை. அந்தப் பெண் பேசுவதாக என் வாய் தானாகச் சொன்னது.

"நான் வெளியே நிக்கிறேன். எனக்குப் பசி கிடையாது, தூக்கம் கிடையாது. ஒண்ணும் வேண்டாம். உள்ள பேச்சுச் சத்தம் கேட்டுச்சு, அதான் வந்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போயிடுறேன்."

அப்புறம் அந்த ஆள் "உள்ள வா" என்று சொன்னதாகவும் நானே சொல்லி முடித்தேன். டிரைவர் மூச்சை விட்டு நாற்காலியில் சாய்ந்தார். "நல்லா எழுதியிருக்கான்" என்றார்.

அன்று முதல் ஞாயிறு தவறாமல் மூன்று மணிக்கு மாடிக்குப் போவேன். வேறு படம் பார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் மசியவில்லை. தெரிந்த ரூட்டில் வண்டி ஓட்டுகிற மாதிரி அந்தப் படத்தில் போய்வந்தார். நான் அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தேன், அவர் தங்கச்சி என்றார். மகளின் மெசேஜ்களையும் நான்தான் படித்துக் காட்டுவேன். போனே வாசிக்கும் வசதி இருந்தது. ஆனால் அந்த இயந்திரக் குரல் அவருக்கு ஆகாது. "ஸ்டாப் பேர் சொல்ற மாதிரி படிக்குது" என்பார். நான் கடைசிக் காட்சிக்குச் சொன்ன வசனத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன். வாரத்துக்கு வாரம் வார்த்தை மாறக் கூடாதல்லவா. தொழில் புத்தி போகுமா.

ஆறு மாதம் இப்படிப் போயிற்று. திங்கட்கிழமைகளில் என் குரல் கரகரக்கவில்லை.

ஒரு ஞாயிறு படம் போடும் முன் அவர் போனை நீட்டினார். மகளின் மெசேஜ். அப்பா, படத்துக்குத் தமிழ் டப்பிங் வந்துவிட்டது. ரிமோட்டில் இரண்டாவது பட்டனை அழுத்தினால் போதும். இனி யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாம், நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

யாரையும் என்று எழுதியிருந்தாள். அவள்மேல் தப்பில்லை, என்னை அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அந்த ஒரு சொல் என்னைச் சுருக்கென்று குத்தியது. அந்த வீட்டில் எனக்கிருந்த வேலை அவ்வளவுதான், அதுவும் முடிந்தது.

"என்ன எழுதியிருக்கா?"

"குளிர் அதிகமாம். உங்களை வேளைக்கு மாத்திரை போடச் சொல்லியிருக்கா" என்றேன்.

அடுத்த வாரம், டப்பிங் எப்படி இருந்தது என்று கேட்டு இன்னொரு மெசேஜ் வந்தது. அதற்கும் எதையோ சொல்லிச் சமாளித்தேன். ஒரு தகப்பனுக்கு மகள் அனுப்பிய வார்த்தையை நடுவில் புகுந்து விழுங்கினேன். நான் வேலை பார்க்கும் தாளில் இப்படி ஒரு வரியை விழுங்கினால் யாராவது சாவார்கள். அது தெரிந்தும் செய்தேன். கீழே வந்து சோறு இறங்கவில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு மூன்று மணி எப்போது வரும் என்றிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு தனியாக இருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு டிரைவர் வழக்கமான கிண்டல் எதுவும் பண்ணவில்லை. படத்தைப் போட்டார். நான் வாசித்தேன். கடைசிக் காட்சி வந்தது. மழை ஆரம்பித்தது. நான் வெளியே நிக்கிறேன், எனக்குப் பசி கிடையாது, என்று தொடங்கினேன்.

அவர் படத்தை நிறுத்தினார்.

"அந்த இடத்துல யாரும் பேச மாட்டாங்களாமே."

நான் துண்டுக் காகிதத்தைப் பைக்குள் திணித்தேன். அவரே சொன்னார். புதன்கிழமை மகள் போன் செய்தாளாம். இரண்டு மெசேஜுக்கும் பதிலில்லையே, என்மேல் கோபமா அப்பா என்று அழுதாளாம். பிறகு அவள் சொல்லச் சொல்ல இரண்டாவது பட்டனை அழுத்தி, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டப்பிங்கில் முழுப் படமும் கேட்டாராம். கடைசியில் பேய் பேசும், பேசும் என்று காத்திருந்தாராம். மழைச் சத்தத்தோடு முடிந்துவிட்டது. ஏன் வசனத்தை எடுத்துட்டாங்க என்று மகளிடம் கேட்டாராம்.

"வசனமே கிடையாதுப்பான்னு சொல்றா. நாப்பது செகண்டு. மொத்தப் படத்துல அவ தனியா வரைஞ்சது அந்த நாப்பது செகண்டுதானாம். ஆறு மாசமா என் பொண்ணு வரைஞ்சதுமேல நீ பேசிக்கிட்டு இருந்திருக்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, நினைவில்லை.

"உட்காரு. அதுல என்ன இருக்குன்னு அவளைக் கேட்டேன். கையால வரையத்தான் தெரியும், சொல்லத் தெரியலப்பாங்குறா. அந்த இடத்தை மறுபடி ஓட விடுறேன். நீயா ஒண்ணும் சேர்க்காம, என்ன தெரியுதோ அதைச் சொல்லு."

பார்த்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆறு மாதமாக அந்தக் காட்சியை நான் பார்த்ததே இல்லை. என் கண் திரையின் அடியில், எழுத்து வருமா வருமா என்று அங்கேயே கிடந்திருக்கிறது.

"ஒரு கை. அந்தப் பொண்ணு கை. பெரிசா, நரம்பு தெரியற அளவுக்கு. கதவைத் தட்டப் போகுது. தட்டல. விரல் அளவு தூரத்துல நிக்குது. கீழ இறங்கிடுச்சு. மறுபடி மேல வருது. இப்பவும் தட்டல. நகம் மட்டும் கதவுல படுது. மழைத்தண்ணி முழங்கை வரைக்கும் ஓடுது."

"அப்புறம்?"

"இறக்கிடுச்சு. திரும்பிப் போறா."

"தட்டவே இல்லையா?"

"இல்லண்ணா."

"நீ சொன்னதுல உள்ள வந்துச்சே" என்றார்.

"ஆமா. நான் வர வெச்சேன்."

"மெசேஜை ஏன் மறைச்ச?"

"டப்பிங் வந்திடுச்சுன்னா நான் எதுக்குன்னு தோணுச்சு. வேற போக எனக்கு இடமில்ல."

சொல்லிவிட்டேன். இருபத்தாறு வருஷமும் எட்டு வருஷமும் சேர்ந்து கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. அவருக்குத் தெரியாது என்பதால் துடைக்கவில்லை. தெரிந்திருக்கும், மூக்கை உறிஞ்சினேனே.

"நீ பண்ணுனது தப்பு. அவளை அழ வெச்சுட்ட. அதை நான் மறக்க மாட்டேன்" என்றார். பிறகு ரிமோட்டைத் தடவி எடுத்து டிவியை அணைத்தார். "ஆனா டப்பிங்கை நான் புதன்கிழமையே கேட்டு முடிச்சாச்சு. அப்புறம் இன்னைக்கு மூணு மணிக்கு உனக்கு எதுக்குக் கதவைத் திறந்தேன்னு நெனைக்கிற?"

பையைக் கீழே வைத்தேன். படம் ஓடாத அந்த அறையில் ஆறு மணிவரை உட்கார்ந்திருந்தேன்.