கூடம் முழுக்கச் சக்கரங்கள்

"இன்னைக்கு வர்றவங்களோட சரி. அப்புறம் என் கூடத்தை எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க," என்றாள் மனைவி, இரண்டு சக்கர நாற்காலிகளுக்கு நடுவே ஒருக்களித்து நுழைந்தபடி. எண்ணெய்க் குப்பியோடு தரையில் உட்கார்ந்திருந்த கணவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கூடத்தை இந்தக் கதிக்கு ஆளாக்கியவள் அவர்களுடைய ஒரே மகள். இயன்முறை மருத்துவர். ஆஸ்பத்திரியில் தட்டுத்தடுமாறி நடக்கப் பழகியவர்கள், வீட்டில் பிடித்து நடக்க ஒன்றும் இல்லாமல் மறுபடி படுத்துவிடுவதைப் பார்த்துப் பொறுக்காமல், முதல் சம்பளத்தில் ஒரு பழைய சக்கர நாற்காலியோடு வந்து இறங்கினாள். "வேணுங்கிறவங்க எடுத்துட்டுப் போகட்டும்பா. சரியானதும் கொண்டுவரட்டும்." வாடகை கிடையாது, முன்பணம் கிடையாது. நாலே வருடத்தில் வாக்கர்களும் ஊன்றுகோல்களும் பெருகி, சோபா மாடிக்குப் போயிற்று. சாப்பாட்டு மேசை பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. இருபத்தெட்டு வயதில், ஒரு வாரக் காய்ச்சலில், அவளும் போய்விட்டாள். அழைப்பு மணி மட்டும் ஓயவில்லை. மூன்று வருடமாகக் கணவர்தான் கதவைத் திறக்கிறார். மனைவி அந்தச் சாமான்களை விரல் நுனியால்கூடத் தொட்டதில்லை. பெருக்கும்போதும் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

பதினோரு மணிக்கு ஒரு மருமகள், இடுப்பு அறுவை முடிந்த மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். மாமியார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கணவர் நீட்டிய வாக்கரை, காப்பியடித்த விடைத்தாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இதைப் பிடிச்சா என்னைக் கிழவின்னுவாங்க."

"அத்தை, உங்களுக்கு எழுபத்தெட்டு ஆகுது."

"அதை நான் யார்கிட்டயாவது சொன்னேனா?" சமையலறை வாசலில் நின்ற மனைவியிடம் திரும்பினார். "நீங்க பிடிச்சுட்டு நடப்பீங்களா?"

மனைவி ஒரு கணம் தயங்கினாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, வாக்கரைப் பற்றினாள்.

"முதல்ல இது போகணும். அப்புறம் நோவுற காலு. நல்ல காலுக்கு என்ன அவசரம், அது ஆற அமர வரட்டும்."

மறுபடி சக்கரத்துக்கு எண்ணெய் விடப் போன கணவரின் கை நின்றுபோயிற்று. மகள் சொல்லும் சொற்கள், அதே இழுவையோடு. அடுப்படியிலிருந்து அத்தனை வருடம் திட்டிக்கொண்டே இவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எண்ணெய் தன் வேட்டியில் சொட்டுவதை அவர் கவனிக்கவில்லை.

"கூனுறீங்க. நிமிர்ந்து நடங்க," என்றார் தலைமையாசிரியை.

"எங்கே, நீங்க நடந்து காட்டுங்க பார்ப்போம்!"

அவ்வளவுதான். தலைமையாசிரியை வாக்கரைப் பிடுங்காத குறையாக வாங்கினார். நான்கு எட்டில் வாசலைத் தாண்டினார். "தனியா விடக் கூடாது," என்று முணுமுணுத்த மனைவி, மூலையில் இருந்த இன்னொரு வாக்கரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். மருமகள் ஓடிப்போய், தான் ஓட்டி வந்த காரின் கதவைத் திறந்து பிடித்தாள். இருவரும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வெயிலில் தெருவோடு போய்க்கொண்டிருந்தார்கள், யார் நடை சரி என்று உரக்க வாதாடியபடி; அவர்களுக்குப் பின்னால் ஹார்ன் அடிக்கத் துணிவில்லாமல் மருமகளின் கார் ஊர்ந்தது.