மூன்று மூலைகளும் ஒரு முக்காலியும்

வாருங்கள். கற்களைத் தரம் பிரிக்கும் அந்த நீண்ட அறைக்குள் வந்து, வாசலோரம் கிடக்கும் முக்காலியைப் பாருங்கள். சாய்வதற்கு முதுகில்லாத, ஒரு கால் சற்றே குட்டையான, வெறும் மரத்துண்டு. ஆயினும் அதற்கிருந்த அதிகாரம் முதலாளியின் நாற்காலிக்கும் இருந்ததில்லை. எவர்மீது சந்தேகம் விழுந்ததோ அவர் அதில் உட்காரவேண்டும். மேலங்கியின் பைகளை வெளியே இழுத்துத் தொங்கவிடவேண்டும். தீர்ப்பு வரும்வரை வாய் திறக்கக் கூடாது. இதுவே அந்த அறையின் சட்டம். எழுதியவர் யாரென்று தெரியாது. தெரிந்துகொள்ளத் துணிந்தவரும் இல்லை.

ஒரு நாள் முற்பகல் பதினொரு மணிக்கு ஒரு பெண் அதில் உட்காரவைக்கப்பட்டாள். பதறவேண்டாம், பன்னிரண்டரைக்குத் தலைநிமிர்ந்து எழுந்துவிட்டாள். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குச் சாட்சி வேண்டும். உங்களை அழைத்தது அதற்காகவே.

மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பதால் அவளுக்குக் ‘கண்ணாடிக்காரி’ என்று பெயர். பத்தொன்பது ஆண்டுகளாக வடக்குச் சன்னல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின்மேல், பட்டை தீட்டாத கற்களை இடுக்கியால் புரட்டி இனம் பிரிப்பவள். பக்கத்து மேசையில் அவள் நாத்தனார். இருவரும் ஒரே வீடு, ஒரே பேருந்து, ஒரே சாப்பாட்டுப் பை. ஆனால் கூடத்துச் சன்னலுக்கு எந்த நிறத் திரைச்சீலை என்பதில் முட்டிக்கொண்டு, நான்கு நாட்களாக ஒருவரோடொருவர் பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றாலும் நடுவிலிருக்கும் கணவன் வழியாகவே கேட்டார்கள். அந்த மனிதர் உப்புச்சப்பில்லாமல் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

அன்று காலை கண்ணாடிக்காரியின் மேசைக்கு ஒரு சிறு கிண்ணத்தில் ஒரே ஒரு கல் வந்தது. கட்டைவிரல் நகத்தளவு, சிவப்பு, தட்டையான முக்கோணம். கூடவே மேற்பார்வையாளரின் சீட்டு: ‘மாணிக்கம்.’ மாணிக்கம் தட்டையாக வளரும், அதன் முகத்தில் முக்கோணக் கோடுகள் இருக்கும் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் மனப்பாடம். ஆகவே பார்த்ததும் எழுதிவிட்டார் அவர். இவளோ எழுதுவதற்குமுன் பார்ப்பவள். இரட்டைச் சன்னல் கொண்ட சின்னக் குழாயை எடுத்தாள். மாணிக்கமானால் ஒரு சன்னலில் ஒரு சிவப்பும் மற்றதில் வேறொரு சிவப்பும் தெரியும். தட்டை முகம் வழியாகப் பார்த்தாள்: இரண்டும் ஒரே சிவப்பு. அந்தத் திசையில் மாணிக்கமும் அப்படி ஏமாற்றும் என்று அறிந்தவள், கல்லை நிமிர்த்தி விளிம்பு வழியாகப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். எங்கும் ஒரே சிவப்பு. சீட்டிலிருந்த ‘மாணிக்கம்’ என்பதை அடித்து, ‘ஸ்பைனல்’ என்று எழுதினாள்; மாணிக்கம் போலவே சிவந்திருக்கும், ஆனால் விலை குறைந்த வேறு இனக் கல் அது.

மேற்பார்வையாளர் சீட்டைப் பார்த்தார், கல்லைப் பார்க்கவில்லை. ஸ்பைனல் என்றால் எட்டு முகம், இரண்டு நாற்பட்டைக் கூம்புகளை அடியோடு அடி ஒட்டவைத்த வடிவம் என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லி வருபவர். தட்டையான ஸ்பைனல் அவருடைய உலகத்தில் பிறக்கவே இல்லை. ஆகையால் அவர் கணக்கு நேராக ஓடியது. தான் கொடுத்தது மாணிக்கம். இப்போது இருப்பது வேறு ஏதோ. அப்படியானால் மாணிக்கம் எங்கே?

“கல்லு மாறிடுச்சும்மா. போய் உக்காருங்க,” என்றார்.

அவ்வளவுதான். ஒரு வாக்கியம். பத்தொன்பது ஆண்டு உழைப்பு முக்காலியில் ஏறி உட்கார்ந்தது. பைகள் வெளியே தொங்கின. ஒன்றிலிருந்து பேருந்துச் சீட்டும், மற்றொன்றிலிருந்து பல் உடைந்த சீப்பும் விழுந்தன. அவளைச் சோதித்தார்கள், கல்லைச் சோதிக்கவில்லை. சந்தேகத்தோடு வெளியேற்றப்பட்டவரை அந்த ஊரில் வேறெந்தக் கல்லறையும், அதாவது கல் பிரிக்கும் அறையும், வாசலில் நிற்கவைத்துக்கூடப் பேசாது. ‘கல்லறை’ என்று அந்த அறைகளுக்குப் பெயர் வைத்தது தொழிலாளர் கிண்டல். அன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். போனால் தொழிலும் பெயரும் சேர்ந்தே போகும்.

முதலாளி பன்னிரண்டு மணிக்கு வருவார். அதுவரை வாய் மூடியிருக்கவேண்டும். ஆனால் மூளைக்கு எவரும் பூட்டுப் போடவில்லை. அவள் நினைவில் ஒரு பென்சில் ஓடியது. வந்த கல்லைத் தாளின்மேல் வைத்து, கூரான பென்சிலால் சுற்றிவர அச்சாகக் கோடிழுத்துவிட்டே உள்ளே எடுப்பது மேற்பார்வையாளரின் வழக்கம். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. அந்தத் தாள் அவருடைய பூட்டிய பெட்டியில் இருக்கிறது. இவள் அதைக் கண்ணால் கண்டதில்லை. அந்தக் கோடு பேசும். ஆனால் கேட்கச் சொல்ல நாக்குக்கு உரிமை இல்லை.

நாத்தனாரைப் பார்த்தாள். நான்கு நாட்களில் முதன்முறையாக அவளும் பார்த்தாள். கண்ணாடிக்காரி தன் முழங்காலின்மேல் ஆள்காட்டி விரலால் மெல்ல ஒரு முக்கோணம் வரைந்தாள். பிறகு பென்சில் பிடிப்பதுபோல் விரல்களைக் குவித்தாள்.

முதலாளி உள்ளே வந்ததும் நாத்தனார் எழுந்தாள். அவள் முக்காலியில் இல்லையே.

“ஐயா, அண்ணிக்காக ஒண்ணு கேக்கணும். இந்தக் கல்லு வந்தன்னிக்குச் சார் சுத்திக் கோடு போட்டிருப்பாரு. அந்தத் தாளை எடுத்துக் கல்லை மேல வெச்சுப் பாருங்க. கோடு பொய் சொல்லாதுல்ல? அதுவும் சார் கையாலயே போட்ட கோடு.”

மேற்பார்வையாளர் அதெல்லாம் தேவையில்லை என்றார். தேவையில்லை என்றதாலேயே முதலாளிக்குத் தேவைப்பட்டது. பெட்டி திறந்தது, தாள் விரிந்தது. கல்லை இடுக்கியால் எடுத்துக் கோட்டின்மேல் வைத்தார். உறையில் கத்தி போல் உட்கார்ந்தது. அதே கல். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. மூன்று மூலைகளிலும் கோடு சற்றே உள்நோக்கி மடிந்து, குட்டிப் பள்ளம் காட்டியது. பக்கத்தில் மேற்பார்வையாளரின் கையெழுத்து: ‘மூலைகள் உடைந்தவை.’

முதலாளி முக்காலியின் பக்கம் திரும்பினார். “பேசுங்கம்மா.”

அவள் எழுந்து நின்றே பேசினாள். “உடைஞ்சதா இருந்தா மூணும் ஒண்ணுபோல உடையுமா ஐயா? லென்ஸ் வெச்சுப் பாருங்க. பள்ளத்துக்குள்ள வழவழன்னு தட்டையா இருக்கும். அது உடைப்பு இல்ல, வளர்ச்சி. ரெண்டு ஸ்பைனல் ஒண்ணுக்கொண்ணு திரும்பி, ஒட்டி வளர்ந்திருக்கு. இரட்டைப் பிள்ளைங்க. அதான் தட்டையாச்சு. இது மொதல்லேருந்தே மாணிக்கம் இல்ல.”

லென்ஸ் கைமாறியது. முதலாளி பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். பின் குழாயையும் கல்லையும் மேற்பார்வையாளரிடம் நீட்டி, விளிம்பு வழியாகப் பார்க்கச் சொன்னார். அவர் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

“ஒரே செவப்புதான்,” என்றார் கடைசியில், தரையைப் பார்த்து.

அந்த இரண்டு சொற்களில் அறை முழுதும் மூச்சு விட்டது. பதினாறு மேசைகளில் இடுக்கிகள் மறுபடி அசைந்தன. கண்ணாடிக்காரி தொங்கிக்கொண்டிருந்த பைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள். தண்ணீர்க் குவளையை எடுத்து இரண்டு மிடறு குடித்தாள். சன்னல் வெளிச்சம், வெள்ளைத் தாள், தன் பெயர் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன.

மேற்பார்வையாளர் வந்து, “மனசுல வெச்சுக்காதீங்கம்மா,” என்றார்.

“மனசுல வெச்சுக்கல சார். வாசல்ல வெச்சிருக்கீங்களே, அதை எடுத்துடுங்க,” என்றாள்.

முதலாளி தயங்கினார், பின் தலையசைத்தார். இனிக் குற்றம் சொல்பவர் முதலில் தானே கல்லைச் சோதித்து, கண்டதைக் கையெழுத்திட்டுத் தரவேண்டும், அதன்பிறகே கேள்வி என்று அன்றே ஒரு தாள் சுவரில் ஒட்டப்பட்டது. நாத்தனார் ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை. முக்காலியைத் தூக்கி வந்து சுவரோரம் போட்டு, அதன்மேல் ஏறி, எவர் கைக்கும் எட்டாதிருந்த மேல் சன்னலைத் திறந்தாள். காற்று வந்தது.

“கொஞ்சம் ஆடுது அண்ணி, இதுலயா உக்காந்திருந்தீங்க?”

“நான் உக்காந்தப்போ ஆடல. நீ கனமா இருக்கே.”

மாலையில் ஒரே பேருந்தில், ஒரே இருக்கையில், பேசிக்கொண்டே வீடு திரும்பினார்கள். படியேறும்போதே திரைச்சீலைச் சண்டை மறுபடி தொடங்கியது. கணவன் நிம்மதியாக உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

சாட்சிகளே, இப்போது உங்கள் முறை. உங்கள் பணிமனையில், பள்ளியில், கடையில், ஏன் உங்கள் வீட்டிலேயே, இப்படியொரு முக்காலி எந்த மூலையிலோ கிடக்கிறது. இன்றே தேடுங்கள். அதில் ஒருவரை உட்காரச் சொல்பவர் எவராயினும், பொருளை அவர் கையில் கொடுத்து, எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தீர்களா என்று உரக்கக் கேளுங்கள். பார்த்துவிட்டுப் பேசட்டும். பார்க்கவில்லையென்றால், உட்கார்ந்திருப்பவரை எழச் சொல்லுங்கள். அந்த முக்காலியைத் தூக்கி, அடைத்த சன்னலின் கீழ்ப் போடுங்கள்.