ஐந்தாவது ரீலும் ஆறாவது ரீலும்

தியேட்டரில் எந்தப் படத்தையும் முழுதாகப் பார்க்காத ஆள் ஒருவர் உண்டென்றால், அது அந்தப் படத்தை ஓட்டுகிற ஆபரேட்டர்தான். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. படம் ஒரே சுருளாக வருவதில்லை. ஏழு தகரப் பெட்டிகளில் ஏழு ரீல்களாக வரும். ஒவ்வொன்றும் இருபது நிமிஷம். மேலே மெஷின் அறையில் இரண்டு புரொஜக்டர்கள். ஒன்றில் முதல் ரீல் ஓடும்போதே மற்றதில் இரண்டாவதை மாட்டித் தயாராக வைக்க வேண்டும். ரீல் தீரப்போகும்போது திரையின் வலது மூலையில் பொட்டுப் போல ஒரு வட்டம் மின்னி மறையும். உடனே இரண்டாவது மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு விநாடி கழித்து இன்னொரு பொட்டு. அப்போது முதல் மெஷினின் ஒளியை மூடி இரண்டாவதைத் திறக்க வேண்டும். கீழே இருப்பவர்களுக்கு மாறியதே தெரியாது. இதனால் ஆபரேட்டருக்கு ஒவ்வொரு ரீலின் கடைசி நிமிஷமும் அத்துப்படி. நடுவில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், யார் யாரைக் கொன்றார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

இந்தக் கதையின் ஆபரேட்டரும் அப்படித்தான். இருபது வருஷ அனுபவம். அந்த மாதம் அவர் ஓட்டிய படம் காலத்தை முன்னும் பின்னும் புரட்டுகிற விஞ்ஞானப் படம். பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் எல்லாம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல விழித்தார்கள். ஆனால் புரியவில்லை என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டதோ என்னவோ என்ற பயம். வாசலில் டிக்கெட் கிழிக்கும் அத்தான், அதாவது ஆபரேட்டருடைய அக்கா புருஷன், இடைவேளையில் வெளியே வந்து டீ குடிப்பது ஒன்றுதான் இந்தப் படத்தில் எல்லாருக்கும் புரிகிற காட்சி என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒருவர் மட்டும் தினமும் பகல் காட்சிக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். கடைகடையாகப் போய்த் தராசுகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து முத்திரை குத்துகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அத்தான் அவருக்கு 'தராசு' என்றே பெயர் வைத்துவிட்டார். பின் வரிசையில் ஓரத்து சீட்டு. படம் முடிந்ததும் முகம் மலர்ந்து எழுந்து போவார். கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கூட இப்படி நிம்மதியாக வெளியே வந்து பார்த்ததில்லை என்றார் அத்தான்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை தராசுக்காரருடைய மகள் மெஷின் அறைப் படியேறி வந்தாள். வெளியூரில் நர்ஸ். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன் அவளுடைய அம்மா மத்தியான டியூட்டிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள், திரும்பவே இல்லை. கடிதம் இல்லை, உடம்பு கிடைக்கவில்லை, பார்த்தேன் என்று சொல்லவும் ஆள் இல்லை. அப்பாவைத் தன்னோடு வந்து இருக்கும்படி மகள் கெஞ்சிக் கெஞ்சி, கடைசியில் அவரும் சம்மதித்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். இந்த நேரம் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் படத்துக்கு வந்திருக்கிறார். மறுநாளே கட்டிய மூட்டைகளை எல்லாம் அவிழ்த்து அடுக்கிவிட்டார். நான் வரவில்லை, நீ போ என்று போனில் சொல்லிவிட்டார். மகள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

"வாசக் கதவைத் திறந்தே போட்டிருக்கார்ண்ணே. தூங்கும்போதும் திறந்துதான் கிடக்கு. அந்தப் படத்துல அப்படி என்னதான் இருக்கு?"

ஆபரேட்டருக்கு வெட்கமாகிவிட்டது. முப்பது தடவைக்கு மேல் ஓட்டியாயிற்று. என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரியாது.

புதன்கிழமை அத்தானை மெஷினில் நிறுத்திவிட்டு அவர் கீழே போய் உட்கார்ந்தார். பொட்டு பார்த்து மாற்றுகிற அளவுக்கு அத்தானுக்கும் கைப்பழக்கம் உண்டு. படத்தில் ஒரு விஞ்ஞானி, அவன் மனைவி, வீட்டுக்கு அடியில் ஓர் இயந்திரம். நான்கு ரீல் வரை தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஐந்தாவதில் மனைவி இயந்திரத்துக்குள் போய் மறைகிறாள். தடுக்கப் போன விஞ்ஞானியின் கை கண்ணாடியில் கிழிகிறது. ஆறாவதில் வாசல் கதவு திறந்து மனைவி உள்ளே வருகிறாள். இருவரும் பேசாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஏழாவதில் விஞ்ஞானி தரையில் கிடக்கிறான். அவன் முகம் மட்டும் திரை நிறைய. வாய் கோணி, கண்ணில் நீர் வழிய, தோள் குலுங்குகிறது. போனவள் வந்துவிட்டாள், அந்தச் சந்தோஷம் தாங்காமல் சிரிக்கிறான். படம் முடிகிறது.

ஆபரேட்டருக்கு ஒன்று உறுத்தியது. சாப்பிடும்போது விஞ்ஞானியின் கையில் கீறல்கூட இல்லையே!

மேலே வந்து சொன்னார். காலம் குழம்புகிற படத்தில் காயம் மட்டும் ஒழுங்காக இருக்க வேண்டுமா என்று கேட்டார் அத்தான். ஆபரேட்டர் அந்த இரண்டு ரீல்களையும் மேஜையில் வைத்து நுனியைப் பிரித்தார். ஒவ்வொரு ரீலின் தொடக்கத்திலும் அதன் எண் அச்சாகி இருக்கும். இந்த இரண்டிலும் அந்தப் பகுதி கிழிந்து, யாரோ வெறும் கறுப்பு ஃபிலிமை ஒட்டியிருந்தார்கள். அதனால்தான் அவர் பெட்டி மூடியில் இருந்த எண்ணை நம்பினார். விளக்கில் சாய்த்துப் பார்த்தபோது ஃபிலிம் ஓரத்தில் ஊசியால் கீறிய எண் தெரிந்தது. ஐந்து என்று மூடி போட்ட பெட்டிக்குள் ஆறு. ஆறு என்று மூடி போட்டதற்குள் ஐந்து. இதற்கு முன் ஓட்டிய ஊரில் மூடிகள் மாறியிருக்கின்றன. முதல் நாளிலிருந்து படம் வரிசை தப்பி ஓடியிருக்கிறது. வேறெந்தப் படமாக இருந்தாலும் முதல் காட்சியிலேயே விசில் பறந்திருக்கும்.

சரியான வரிசையில் மனைவி முதலில் வருகிறாள், சாப்பிடுகிறாள், பிறகு போய்விடுகிறாள். கடைசியில் தரையில் கிடக்கிறவன் சிரிக்கவில்லை, அழுகிறான். முகம் அதேதான். முன்னால் எதை வைக்கிறோமோ அதுதான் அந்த முகத்துக்கு அர்த்தத்தைக் கொடுக்கிறது.

அத்தான் பயந்தார். "நாளைக்குக் கடைசி நாள், மாப்ளே. ஓடுனது ஓடிட்டுப் போகட்டும். இதை வெளிய சொன்னா உனக்கும் வேலை இருக்காது, உன்னைச் சேர்த்துவிட்ட எனக்கும் இருக்காது."

ஆபரேட்டர் அன்று முழுவதும் யோசித்தார். மாற்றினால் அந்த மனிதர் உடைந்துபோவார். மாற்றாவிட்டால் திறந்த கதவுக்கு முன்னால் ஆயுசு முழுக்க உட்கார்ந்திருப்பார். மகள் நின்றுகொண்டே பேசியது கண்ணிலேயே நின்றது. வியாழக்கிழமை பகல் காட்சிக்கு ரீல்களைச் சரியான வரிசையில் மாட்டினார்.

அன்று அரங்கில் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். ஐந்தாவது ரீலில் கதவு திறந்து மனைவி உள்ளே வந்தபோது, பின் வரிசையில் தராசுக்காரரின் தலை மெல்ல நிமிர்வதை ஆபரேட்டர் மேலிருந்த துவாரத்தின் வழியாகப் பார்த்தார். அதன்பின் அந்தத் தலை அசையவே இல்லை. விளக்குகள் போட்ட பிறகும் அசையவில்லை.

ஆபரேட்டர் இறங்கிப் போய் ஒரு சீட் தள்ளி உட்கார்ந்தார். மூடி மாறிய கதையை ஒளிக்காமல் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். தராசுக்காரர் கோபப்படவில்லை. எடைக்கல்லைச் சோதிப்பவர் போல நிதானமாகக் கேட்டார்.

"அப்ப எது சரி?"

"இன்னைக்குப் பார்த்ததுதாங்க."

"முதல்ல வர்றா. அப்புறம் போறா."

"ஆமாங்க."

அவர் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். அவருடைய மனைவி ஆறு மணிக்கு முன்னால் வேலையிலிருந்து வீடு திரும்பியதே இல்லையாம். ஆகவே பகல் காட்சி பார்த்துவிட்டு அதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்பது அவருடைய கணக்கு. போன சனிக்கிழமையும் அப்படித்தான் போயிருக்கிறார். குளியலறையிலிருந்து வாசல் வரை தரையில் ஈரக் காலடிகள். விரல்கள் வாசலைப் பார்த்து இருந்தன. எல்லாம் வெளியே போகிற காலடிகள். உள்ளே வந்த தடம் ஒன்றுகூட இல்லை. வீட்டில் ஒரு சாமானும் இடம் மாறியிருக்கவில்லை.

"அஞ்சு நாளா யோசிக்கிறேன் தம்பி. உள்ள வராம ஒருத்தர் எப்படி வெளிய போக முடியும்? படத்துல முதல்ல போறா, பிறகுதானே வர்றா. அதனால இனிமேத்தான் வருவான்னு உட்கார்ந்திருந்தேன்."

எதையும் விளக்கிச் சொல்லாவிட்டால் ஆபரேட்டருக்குத் தூக்கம் வராது. வாய் முந்திக்கொண்டது. "அது ஒண்ணுமில்லீங்க. வரும்போது காய்ஞ்ச காலா இருந்திருக்கும். காய்ஞ்ச கால் தரையில தடம் விடாது. உள்ள வந்து, குளிச்சிட்டு, ஈரக் காலோட..."



"வந்துட்டுப் போயிருக்கா," என்றார் தராசுக்காரர்.

பிறகு, எத்தனை நாளாக ரீல் மாறி ஓடுகிறது என்று கேட்டார். முதல் நாளிலிருந்தே என்றார் ஆபரேட்டர். தராசுக்காரர் விரல் விட்டு எண்ணினார். ஞாயிறு, திங்கள், செவ்வாய். சனிக்கிழமை வந்ததும் விரல் நின்றது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனார்.

ஆபரேட்டரைத்தான் அந்தக் கணக்கு விடவில்லை. முதல் நாளே ரீலைச் சரியாக மாட்டியிருந்தால், அந்த மனிதர் ஒரு தடவை பார்த்து அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். மறுபடி வந்திருக்க மாட்டார். சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் இருந்திருப்பார். கதவு திறந்து கிடந்ததும் தன்னால், உள்ளே ஆள் இல்லாமல் போனதும் தன்னால். உடனே தனக்குத் தானே வேறொன்று சொல்லிப் பார்த்தார். திறந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். ஆனால் ஒரு சாமானையும் தொடாமல், குளித்துவிட்டு மட்டும் போகிற ஆள் யார்?

வெளியே மகள் ஓடி வந்து அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டாள். அப்பா நாளைக்குக் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டார், நீங்கள் செய்தது பெரிய உதவி என்றாள். அவளுக்குப் பின்னால் தராசுக்காரர் தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

ஆபரேட்டர் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டார். "போன சனிக்கிழமை நீங்க இங்கதானே இருந்தீங்க? வீட்டுக்கு வந்து குளிச்சீங்களா?"

"இல்லண்ணே. நான் வந்ததே திங்கட்கிழமைதான்," என்றாள் மகள். "ஏன் கேக்குறீங்க?"